குறளிக்கு நாலாவது விதி

மூனா, ஹோபார்ட்
6 ஜூன் 1993, ஞாயிறு

அன்புள்ள லோர்னா,

கிளைவ்தான். உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பாதி வெற்றி. ஐந்து வருஷமாக எழுதாததற்கு மன்னிப்பு, நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இப்போது கை பரபரக்கிறது.

பகடை உருட்டிக் கதையாக நாம் ஆடிய 'ஈயக் கிரீடம்' ஆட்டத்துக்கு, கதையில் எதிரே வரும் ஜந்துக்களுக்கென்று புதிய புத்தகம் போடுகிறார்கள்! மெல்பர்னில் இருந்துகொண்டு அதை நடத்துகிற அந்த மூன்று பேரும் இந்தத் தடவை ஆடுகிறவர்களிடமே ஜந்துக்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஜந்துக்கு ஒரு பக்கம். தனியாகவும் அனுப்பலாம், இரண்டு பேர் சேர்ந்தும் அனுப்பலாம். சேர்ந்து என்றால் படிவத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அச்சில், லோர்னா! என்றைக்கோ யாரோ ஒருவர் பெர்த்தில் உட்கார்ந்து நாம் செய்த ஜந்துவிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

எனக்கு ஒரு குறளி வேண்டும். காட்டில் பனித்துளிமேல் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிக்கிற சிறகு முளைத்த அழகி இல்லை; அதெல்லாம் புத்தகத்தில் ஏற்கெனவே பன்னிரண்டு இருக்கிறது. குறும்பு செய்கிற குறளி. கொல்லாது, கடிக்காது, ஆனால் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது அத்தனை பேரையும் பைத்தியமாக அடிக்க வேண்டும். நானும் மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன். உயரம், எடை, உயிர்ப்புள்ளி, ஓட்ட வேகம் எல்லாம் அழகாக எழுதிவிட்டேன். குறும்பு மட்டும் வரவில்லை. பேருந்து ஓட்டிக்கொண்டே யோசித்து இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மதியங்கள் இப்போதும் நடக்கின்றன. அதே கார் கொட்டகை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கதையை நடத்துகிற நடுவராக நான். எதிரே டெஸ் தன் குள்ளன் பாத்திரத்தோடு, மர்லீன் தன் மந்திரக்காரியோடு. உன் நாற்காலியில் டெஸ் தன் குழாய் வேலைப் பெட்டியை வைக்கிறான். நீ ஆடிய டின்னி போன பிறகு எங்கள் கூட்டத்தில் திருடி என்று யாருமே இல்லை. பூட்டிய கதவு வந்தால் டெஸ் கோடாலியை எடுக்கிறான்.

உனக்குக் குறும்பு வருமே. உதவுவாயா?

நலமா? குளிர் எப்படி? மன்னித்துக்கொள்.

என்றும் நண்பன்,
கிளைவ் பர்பரி


ஓபன், ஸ்டூவர்ட் தீவு, நியூசிலாந்து
19 ஜூன் 1993

கிளைவ்,

அடுப்பில் போடவில்லை. அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

நான் நலம். மீன் கொட்டகையில் வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு வரை நீலக் காட் மீனை வெட்டுகிறேன். மழை. காற்று. மழை. இந்தத் தீவில் பகடையை உருட்டுகிற ஆள் ஒருவரும் இல்லை. ஐந்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஆடவில்லை. டின்னி படியிலிருந்து விழுந்த அந்தச் சனிக்கிழமைதான் கடைசி.

உன் குறளியைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே முடியாது என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் இதைக் கேள். இங்கே வேக்கா என்று ஒரு பறவை உண்டு, பழுப்பு நிறம், பறக்கத் தெரியாது, கோழி மாதிரி வீட்டுக்குள் நடந்து வரும். போன வாரம் என் சமையலறைக்குள் வந்து ரொட்டியை விட்டுவிட்டு, வெண்ணெயையும் விட்டுவிட்டு, ஒரு டீஸ்பூனை மட்டும் கவ்விக்கொண்டு போய்விட்டது. அதற்கு ஸ்பூன் எதற்கு? நான் மழையில் அதன் பின்னால் ஓடினேன். படகு ஓட்டுகிற பர்ட் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "விடு லோர்னா, அதுக்கு வீட்ல விருந்தாளி வந்திருப்பாங்க" என்கிறான்.

உன் தப்பு எங்கே என்று தெரிகிறதா? நீ உயரத்திலும் எடையிலும் ஆரம்பித்திருக்கிறாய். குறளி எதை எடுக்கும் என்பதில் ஆரம்பி. நமக்குச் சின்னதாக இருக்க வேண்டும், போன பிறகுதான் அருமை தெரிய வேண்டும்.

அவ்வளவுதான் சொல்ல முடியும். எனக்கு வேலை இருக்கிறது.

லோர்னா

பி.கு. பெயர் நிப்பின். பேரம் கிடையாது.


மூனா
1 ஜூலை 1993

அன்புள்ள லோர்னா,

நிப்பின்! நிப்பின்! நேற்றுப் பணிமனையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமையே சோதித்துவிட்டேன். கேலி செய்யாமல் படி. குறளி ஆளுக்கு ஒரு சின்னப் பொருளை எடுக்கும் என்று வைத்தேன். மர்லீனிடமிருந்து இடது செருப்பின் சத்தத்தை எடுத்தது. ஒரு காலில் மட்டும் டக் டக் என்று நடந்தாள், நன்றாகத்தான் இருந்தது. அடுத்து டெஸ்ஸின் குள்ளனிடம் போய் அவன் தாடியின் நுனியை எடுத்தது. டெஸ் எழுந்தே நின்றுவிட்டான்.

"என் தாடியவா? எங்க அது? காட்டு!"

"அலமாரிக்கு மேல உக்காந்திருக்கு."

"என்கிட்ட பொரிக்கற சட்டி இருக்கு. ஓங்கிப் போடறேன்."

இருபது முகப் பகடை உருண்டது, பத்தொன்பது. ஒரே அடி. மூன்று வாரம் யோசித்து எழுதிய குறளி பொரிக்கிற சட்டியில் அப்பளம் ஆகிவிட்டது. மர்லீன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் தடுப்புக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. சட்டி பளபளப்பானதுதானே? அடித்தால் நிப்பின் சாகாது. எதால் அடித்தாயோ அதன் பளபளப்புக்குள் குடியேறிவிடும்! வாளால் வெட்டினால் வாளுக்குள். அப்புறம் அந்த வாளை நீ எங்கே கொண்டுபோனாலும் அதுவும் கூடவே வரும். எப்படி? இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் எடுப்பது என்ன என்பது இன்னும் சரியாக அமையவில்லை. தாடி நுனி, செருப்புச் சத்தம் எல்லாம் இரண்டு நிமிஷச் சிரிப்புதான். நீ அன்று எழுந்து போன பிறகு இந்த மேஜையில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை. ஆகவே நிறுத்திவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மலையில் பனி விழுந்திருக்கிறது. வழக்கம்போலச் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை வாங்கி உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

உன்,
கிளைவ்


ஓபன்
14 ஜூலை 1993

கிளைவ்,

பளபளப்புக்குள் குடியேறுவது பிரமாதம். அதைப் படித்துவிட்டு நான் மீன் வெட்டவே போகவில்லை, அரை மணி தாமதம். கொட்டகை முதலாளி முறைத்தார். உன்னால்தான்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி, ஏனென்றால் இதுதான் நம் ஜந்து.

நிப்பின் எப்போதும் பளபளப்பில்தான் வாழ்கிறது. கெண்டி வயிற்றில், ஸ்பூனின் முதுகில், கவசத்தில், மூக்குக்கண்ணாடியில். அங்கே உட்கார்ந்துகொண்டு, நீ யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் செய்வதையெல்லாம் பார்க்கிறது. அது பொருளை எடுப்பதே இல்லை. உன் வாயிலிருந்து வெளியே வரும் ஓர் எண்ணை எடுத்துவிட்டு வேறோர் எண்ணை வைக்கிறது! காவல்காரன் "ஏழு படி" என்று சொல்கிறான், உண்மையில் ஆறுதான். இருட்டில் ஏழாவது படியில் காலை வைத்தவன் கதி என்ன? விடுதிக்காரி "மூணு பேர் வந்தாங்க" என்கிறாள், வந்தது ஐந்து.

இனிமேல்தான் விஷயம். ஆட்டத்தில் யார் எண்களைச் சொல்கிறார்? நடுவர். ஆகவே நிப்பின் பக்கத்தில் இருக்கும்வரை நடுவர் ஆடுகிறவர்களிடம் ஓர் எண்ணைப் பொய்யாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே ஓர் எண். எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நடுவர் சொல்வதை நம்பித்தான் எல்லோரும் ஆடுகிறார்கள். அந்த நம்பிக்கையிலேயே குறளி கை வைத்துவிடுகிறது. உலகத்தில் எந்த ஜந்துவும் இதுவரை செய்யாத வேலை!

கொட்டகையில் சொன்னேன். பர்ட்டுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்தேன், நன்றாகவே புரிந்துகொண்டான். இப்போது மீன் எடை குறைந்தாலே, "நான் சரியாத்தான் சொன்னேன், நிப்பின் மாத்திருச்சு" என்கிறான். முதலாளிக்கு நிப்பின் யார் என்று தெரியவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் மூக்குக்கண்ணாடி இன்னும் அதேதானா? சோடாபுட்டி மாதிரி?

லோர்னா


மூனா
29 ஜூலை 1993

அன்புள்ள லோர்னா,

நீ ஒரு மேதை. எழுதி மாட்டி வைக்கிறேன்.

சனிக்கிழமை சோதித்தோம். விதியை முதலிலேயே சொன்னேன்: "இந்தக் கோட்டைக்குள்ள நான் சொல்ற நம்பர்ல ஒண்ணு பொய்." அவ்வளவுதான். டெஸ் பென்சிலை எடுத்து நான் சொன்னதையெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டான். அவன் எதையும் எழுதி நீ பார்த்ததுண்டா? கதவு எத்தனை, மெழுகுவர்த்தி எத்தனை, நாய்க்கு எத்தனை கால் என்றுகூடக் கேட்டான். மர்லீன் ஒரு பாலத்தில் பலகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள். நான் "ஒன்பது" என்று சொல்லியிருந்தேன். எட்டோடு பாலம் முடிந்தது.

"பொய்யி! பிடிச்சாச்சு! ஒன்பதுன்னு சொன்னீங்க கிளைவ், வெக்கமா இல்ல?" என்று மேஜையைத் தட்டினாள். தேநீர் கொட்டியது. டெஸ் மூலையில் கிடந்த காலி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடினான். ஐம்பத்திரண்டு வயது.

அப்படி ஒரு மதியம் இந்தக் கொட்டகையில் நடந்து எத்தனை காலமாயிற்று! இது அச்சில் வரும், லோர்னா. சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். "ஒன்பது" என்று சொல்லும்போது என் குரல் நடுங்கியது. மர்லீன் அதைக் கவனித்தாள். "விளையாட்டுக்குத்தானே, ஏன் முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள். தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பொய் எண் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்.

இன்னொரு குறை. பொய்யைக் கண்டுபிடித்த பிறகு என்ன ஆகும்? பொய்யை நம்பிப் பாலத்தில் விழுந்தவன் விழுந்ததுதானா? குறளி எப்படிப் போகும்? ஒரு முடிவு வேண்டும். மூன்று விதி ஆயிற்று: பளபளப்பில் வாழும், ஓர் எண்ணை மாற்றும், அடித்தால் அடித்த பொருளில் ஏறும். நாலாவதை நீதான் எழுத வேண்டும்.

கண்ணாடி அதேதான். ஏன் கேட்கிறாய்?

உன்,
கிளைவ்


ஓபன்
10 ஆகஸ்ட் 1993

கிளைவ்,

வாளியோடு ஓடிய டெஸ்ஸை நினைத்து நான் கடைத்தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். இந்த ஊரில் அப்படிப் போனால் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நாலாவது விதி. இரண்டு வாரம் யோசித்தேன். என்னவெல்லாமோ எழுதிக் கிழித்தேன். மணி அடித்தால் போகும், உப்புப் போட்டால் போகும் என்று. எல்லாம் பழைய சரக்கு.

குறும்புக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாட்டிக்கொண்டவரும் பிறகு சேர்ந்து சிரிக்க முடிய வேண்டும். அவர் சிரிக்க முடியாமல் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் குறும்பு இல்லை. ஆகவே இப்படி எழுது:

நான்கு. பொய் எண் யாருடைய வாயிலிருந்து வந்ததோ அவரே, யாரும் பிடிக்காமல், யாரும் கேட்காமல், தானாக "நான் சொன்னது பொய், உண்மையான எண் இது" என்று ஒத்துக்கொண்டால், நிப்பின் அந்த எண்ணால் பறித்த அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உடைந்த காலையும், போன உயிரையும். கொடுத்துவிட்டு அது சிரித்துக்கொண்டே போய்விடும்.

மற்றவர்கள் கண்டுபிடித்தால் ஒன்றும் திரும்பாது. தானாகச் சொல்ல வேண்டும். ஆடுகிறவர்களின் வேலை, அந்தக் காவல்காரனோ விடுதிக்காரியோ தானாகச் சொல்லும்படி அவர்களுக்குப் பொறுமையாக நேரம் கொடுப்பது.

படிவத்தை அனுப்பு. பார்க்கலாம்.

லோர்னா


மூனா
24 ஆகஸ்ட் 1993

அன்புள்ள லோர்னா,

பக்கம் முழுதும் தட்டச்சு அடித்தாயிற்று. மர்லீன் நிப்பினை வரைந்து கொடுத்தாள், ஒரு கெண்டியின் வயிற்றில் வாயெல்லாம் பல்லாக. நாலாவது விதியை டெஸ் இரண்டு தடவை படித்தான். அப்புறம், "இதுதான்யா இந்தப் புத்தகத்துலயே பெஸ்ட்டு" என்றான். புத்தகம் இன்னும் வரவே இல்லை என்பது வேறு விஷயம். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து வந்தால் அனுப்பலாம்.

ஆனால் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். சந்தோஷமான கடிதமாக அனுப்பிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் பார்த்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சாகப்போகிறது என்றதும் முடியவில்லை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை. டின்னி கோபுரத்தின் ஈரப் படியில் வழுக்கினாள். கயிற்றைப் பிடிக்கப் பதினொன்றோ அதற்கு மேலோ வேண்டும். கோபுரத்துக்குள் இருட்டு என்பதால் நான் தடுப்புக்குப் பின்னால் உனக்காக உருட்டினேன். "நாலு" என்று சொன்னேன். நீ ஆறு வருஷம் வளர்த்த டின்னி செத்துப்போனாள். நீ உன் பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு போனாய். பத்து நாளில் தீவுக்கே போய்விட்டாய்.

நாலு இல்லை, லோர்னா. பதினேழு.

ஏன் என்று கேட்பாய். தேநீர் இடைவேளையில் நீ கொல்லைப்பக்கம் நின்று டெஸ்ஸிடம் நியூசிலாந்துக்குப் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பால் எடுக்க வந்தவன் கேட்டுவிட்டேன். டெஸ்ஸிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். போகிறவள் முழுவதுமாகப் போகட்டும் என்று தோன்றியது. பகடை பதினேழைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, என் வாய் நாலு என்கிறது. சொன்ன அந்த நொடியிலிருந்து இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

நடுவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். குறளிமேல் பழிபோட எனக்கு வழியில்லை. நானேதான்.

படிவத்தைக் கிழித்துப்போட்டாலும் புரிந்துகொள்வேன்.

கிளைவ்


ஓபன்
12 செப்டம்பர் 1993

கிளைவ்,

எனக்குத் தெரியும்.

உட்கார்ந்துகொள், இதைச் சொல்ல எனக்கும் அவ்வளவு சுலபம் இல்லை. நீ எப்போதும் ஜன்னலைப் பார்த்தபடி உட்காருவாய். டெஸ் பரிசாகக் கொடுத்த அந்தச் சிவப்புப் பகடை, எலுமிச்சம்பழம் அளவு, வெள்ளை எண்கள். உருட்டியதும் நீ குனிந்து உற்றுப் பார்ப்பாய். உன் சோடாபுட்டிக் கண்ணாடியில் பகடை முழுசாகத் தெரியும். இடம் வலம் மாறித்தான் தெரியும், ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆறு வருஷம் நீ தடுப்புக்குப் பின்னால் உருட்டிய அத்தனையையும் நான் படித்திருக்கிறேன். டெஸ்ஸுக்கும் தெரியாது, மர்லீனுக்கும் தெரியாது. ஆகவே முதல் திருடி நான்தான். டின்னி இல்லை, நான்.

என்ன பார்த்தேன் தெரியுமா? டெஸ்ஸின் குள்ளன் நாலு தடவை செத்திருக்க வேண்டும். நீ பகடையைப் பார்ப்பாய், டெஸ்ஸின் முகத்தைப் பார்ப்பாய், "தப்பிச்சுட்டே" என்பாய். மர்லீனின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாதம் முழுவதும் அவளுக்கு ஒரு கெட்ட எண்கூட வரவில்லை. ஆறு வருஷம் எங்களுக்காகப் பொய் சொன்னாய். அதைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன், உனக்குத் தெரியுமா? உன் கதைக்காக இல்லை. உன் கதைகள் சுமார்தான்.

அப்புறம் அன்றைக்குப் பதினேழைப் பார்த்தேன். நாலு என்று கேட்டேன். அத்தனை பேருக்காகவும் சாதகமாக மாற்றியவன், ஒரே ஒரு தடவை எதிராக மாற்றினான், அது எனக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்டால் நான் எட்டிப் பார்த்தது வெளியே வந்துவிடும். கேட்காமல் போனேன். நீயாகச் சொல்வாய் என்று ஐந்து வருஷம் இருந்தேன்.

டெஸ்ஸிடம் ஏன் சொன்னேன் என்றால், உன்னிடம் சொல்லப் பயம். நீ போகவிட மாட்டாய் என்று ஒரு பயம். போய்வா என்று சொல்லிவிடுவாய் என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிசு.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எழுத எழுதக் குறைகிறது, ஆனால் இருக்கிறது. ஆகவே இப்படிச் செய்வோம். அதே சிவப்புப் பகடையை எடு. டின்னிக்காக இன்னொரு தடவை உருட்டு. தடுப்பு இல்லாமல். பதினொன்றோ அதற்கு மேலோ வந்தால் அவள் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நான் ஜனவரிக் கோடையில் ஹோபார்ட்டுக்கு வருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன். குறைந்தால் போனவள் போனவள்தான். நிப்பினை நீ மட்டும் உன் பெயரில் அனுப்பிக்கொள், எனக்கு இனி எழுதாதே.

நான் அங்கே இல்லை. உன் கண்ணாடியை எட்டிப் பார்க்க முடியாது. என்ன வந்தது என்று எழுது.

லோர்னா


மூனா
25 செப்டம்பர் 1993, சனி

அன்புள்ள லோர்னா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்த முதல் வேலை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து அதை உற்றுப் பார்த்ததுதான். ஆறு வருஷம்! படுபாவி. சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

இன்று மதியம் டெஸ்ஸையும் மர்லீனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பதினேழு உட்பட. டெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மர்லீன், "எங்கம்மா விஷயம் எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அட்டைத் தடுப்பை மடித்து அலமாரியில் வைத்தேன். அவர்கள் இருவரும் பார்க்க, மேஜை நடுவில் உருட்டினேன்.

அது தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது. இரண்டு.

டெஸ்தான் முதலில், "கோப்பையில இடிச்சுதில்ல? செல்லாது. இன்னொரு வாட்டி உருட்டு" என்றான்.

"இல்ல டெஸ்."

"யோவ், அவ எங்கயோ தீவுல இருக்கா. பதினாலுன்னு எழுதிப் போடு. யாருக்குய்யா தெரியப்போகுது? எனக்காக எத்தனை வாட்டி எழுதியிருக்கே!"

நான் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பதினாலு என்று எழுதினால் நீ கோடையில் வருவாய், உன் நாற்காலியிலிருந்து டெஸ்ஸின் பெட்டியை எடுத்துவிடலாம். இரண்டு என்று எழுதினால் இதுவே உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

இரண்டு, லோர்னா. டின்னி இறந்துவிட்டாள். இந்தத் தடவை நியாயமாக.

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த நாலு மாதமும் என் வாழ்க்கையில் நல்ல நாலு மாதம். நிப்பினை நான் மட்டும் அனுப்ப மாட்டேன். அது பாதிக்கு மேல் உன்னுடையது. இங்கேயே கெண்டிக்குள் இருக்கட்டும்.

கிளைவ் பர்பரி

பார்த்தோம், இரண்டுதான்: டெஸ், மர்லீன்


ஓபன்
7 அக்டோபர் 1993

அன்புள்ள கிளைவ்,

இரண்டு! உன் இடத்தில் நான் இருந்திருந்தால் பன்னிரண்டு என்று எழுதியிருப்பேன், நம்பும்படியாக இருக்கும். கடிதத்தைக் கொட்டகையில்தான் பிரித்தேன். மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன். பர்ட் பின்னாலேயே வந்து, "என்ன, நிப்பினா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்று காலை விமானத்தில் நேராக மெல்பர்னுக்கு அனுப்பிவிட்டேன், நேரம் இல்லை. நீ வைத்த தட்டச்சுப் பக்கத்தையும் மர்லீனின் படத்தையும் சேர்த்துத்தான். உன்னைக் கேட்கவில்லை.

நடுவரே, நீங்கள் தட்டச்சு அடித்த விதிகளை நீங்கள் படிப்பதே இல்லையா? நாலாவதைப் பார். பொய் எண்ணைச் சொன்னவர், யாரும் பிடிக்காமல், யாரும் கேட்காமல், தானாக ஒத்துக்கொண்டால் அந்த எண்ணால் போனதெல்லாம் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் இருபத்துநாலு என்று உன் கையாலேயே தேதி போட்டிருக்கிறாய். அன்றைக்கே நிப்பின் டின்னியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அதற்கு அப்புறம் என்ன உருட்டினாலும் அது வெறும் பகடை. நீ என்ன எண்ணை எழுதுவாய் என்று பார்க்கத்தான் உருட்டச் சொன்னேன்.

ஜனவரி எட்டு, சனிக்கிழமை. டெஸ்ஸை அந்தப் பெட்டியை எடுக்கச் சொல். ஸ்காலப் பையில் என் பங்கைச் சாப்பிடாதே. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

அதுவரை காத்திருக்க முடியாது. ஆட்டத்தை இப்போதே ஆரம்பிக்கிறேன், நடுவராக நீ பதில் கடிதத்தில் சொல்.

டின்னி ஐந்து வருஷமாக அந்த ஈரப் படியின் அடியில் கிடந்தவள். விரல்கள் அசைகின்றன. பக்கத்தில் கயிறு தொங்குகிறதா என்று தடவிப் பார்க்கிறாள். கண்ணைத் திறக்கிறாள்.

என்ன தெரிகிறது?

லோர்னா